நாற்பது பேருக்கு ஒரு நெஞ்சு

சிப்பிவிளை ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேற்குச் சுவர் நோய் காட்டத் தொடங்கியது ஒரு தை மாதச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு. மணி எனக்கு எப்படித் தெரியும் என்றால், பத்து மணி பஸ் அன்றைக்கும் வரவில்லையே என்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வைதுகொண்டிருந்தேன். நான் அங்கே மருந்தாளுநர், ஊருக்குக் கம்பவுண்டர். மருந்து அலமாரியின் சாவி என்னிடம் இருந்தது. அந்தச் சாவிக்காகத்தான் ஊர் எனக்கு வணக்கம் வைத்தது, அந்தச் சாவிக்காகத்தான் முதுகுக்குப் பின்னால் காறித் துப்பவும் செய்தது.

அந்தச் சுவரைக் கட்டிய புண்ணியவான் ஆற்று மணலுக்குப் பதில் கடல் மணலையும், நல்ல தண்ணீருக்குப் பதில் உப்பளத்துத் தண்ணீரையும் குழைத்துக் கட்டிவிட்டு, ஊருக்கே பெரிய உபகாரம் செய்தவன்போல் கல்வெட்டில் பேரையும் வெட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். வெள்ளையடித்த மூன்றாம் நாளே சுவரில் உப்புப் பூத்தது. எட்டு வருடமாகப் பூத்தது, உதிர்ந்தது, மறுபடி பூத்தது. சுவரோரம் நோயாளிகள் உட்கார ஒரு பெஞ்சு. அதில் எட்டு மணியிலிருந்து சாய்ந்திருந்த சந்தனமாரி, பேர் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனாள். அவள் முதுகு இருந்த இடத்தில் உப்பு பொடிப்பொடியாகப் பூத்து, இந்தப் பக்கம் பன்னிரண்டு அந்தப் பக்கம் பன்னிரண்டு என்று விலா எலும்பு வரைந்து, நடுவில் நுரையீரல் இரண்டையும் மாவு சலித்த மாதிரி நிரப்பி, வலது பக்கம் மேலே எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் இடத்தை மட்டும் பூக்காமல் வெறும் சிமெண்டாக விட்டிருந்தது.

"ஏட்டி சந்தனமாரி, உன் நெஞ்சுக்கூட்ட இங்கன விட்டுட்டுப் போறியே" என்றாள் பக்கத்தில் இருந்த பேச்சி, குடையை விட்டுவிட்டுப் போனவளைக் கூப்பிடுவதுபோல. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் சுவரை மறைத்தபடி எழுந்து நின்றார், பின்னால் இருந்தவர்கள் அவரை உட்காரச் சொன்னார்கள். அவ்வளவுதான் நடந்தது.

டாக்டர் மெர்லின் வெளியே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஓட்டையை நூல் வைத்து அளந்து சீட்டில் எழுதினார். "எக்ஸ்ரே மிஷின் வேணும்னு மூணு வருஷமா எழுதினேன். மிஷின் வரல. இது வந்திருக்கு" என்றார். சந்தனமாரிக்கு வயது இருபத்தாறு. அளத்தில் வாருபலகை பிடித்து உப்பு வாருகிறவள். மூன்று மாத இருமல், தினமும் சாயங்காலம் காய்ச்சல், இடுப்பில் சேலை நிற்காத இளைப்பு. எங்கள் மைக்ராஸ்கோப்பின் லென்ஸில் பூஞ்சை பிடித்து நாலு வருடம் ஆகியிருந்தது, அதைப் பார்க்க வேண்டியவரின் நாற்காலி காலியாகி ஐந்து வருடம். ஆகவே அவள் சளியை டப்பியில் அடைத்து நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த நகரத்துக்கு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினோம். பத்தொன்பது நாள் கழித்து டி.பி. என்று எழுதி வந்தது. சுவர் முதல் நாளே சொன்னதை அவர்கள் முத்திரை குத்திச் சொன்னார்கள்.

பதினோரு நாள் டாக்டரம்மா சந்தோஷமாக இருந்தார். அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அந்தப் பதினோரு நாள்தான். தண்ணீர் கோத்த நுரையீரல், வீங்கிப்போன இதயம், பீடிக்குக் கரிந்த நெஞ்சு என்று எல்லாம் சுவரில் பூத்தன. ஒருதடவை சாய்ந்தால் போதும். அப்புறம் ஆள் எங்கே இருந்தாலும் அவர் உடம்பு மாற மாற சுவரில் உப்பும் மாறியது. மேலதிகாரிகளுக்கு டாக்டரம்மா படம் எடுத்து அனுப்பினார். சுவரின் மாடல் எண் என்ன, கம்பெனி எது, பராமரிப்பு ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது.

இனி நான் செய்த கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் பதினேழு நெஞ்சு பூத்தால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்? எனக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். பதினெட்டு வருட உத்தியோகத்தில் ஒரு பாட்டிலைக்கூடப் பேர் ஒட்டாமல் அலமாரியில் வைத்தவனில்லை. நீலப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு நெஞ்சுக்கும் கீழே முத்துமுத்தாகப் பேர் எழுதினேன், அப்பா பேரோடு, தெருப் பேரோடு. அந்தச் சுவருக்கு நேர் எதிரே ரோட்டைப் பார்த்த ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு ஒரு துணியாவது கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊர் அதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஜன்னலுக்கு வந்தார்கள். சாதகம் பார்த்தாச்சு, நெஞ்சு பார்த்தாச்சு, இனி பூ வைக்கலாம் என்று பேசிக்கொண்டு போனார்கள். எதிரி வீட்டுக்காரன் நெஞ்சில் கீறல் விழுந்திருக்கிறதா என்று காலை நடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் இரண்டுதடவை சாய்ந்து, எது நன்றாக வந்திருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சுரண்டிவிடச் சொன்னார். சுரண்டினேன். மறுநாள் அது அதே இடத்தில் பூத்தது, பேரோடு.

அளத்துக் கங்காணி வேதமாணிக்கம் பைக்கை விட்டு இறங்கவே மாட்டார். என்ஜினை அணைக்காமல், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஜன்னல் வழியே சுவரை ஒருதடவை படித்தார். மறுநாள் சந்தனமாரிக்கு அளத்தில் வேலை இல்லை. அதற்கு மறுநாள், சுவரில் சுத்தமான நெஞ்சு இல்லாத யாருக்கும் அளத்தில் வேலை இல்லை என்று ஆனது. உப்பு எடுக்கும் பருவம் தொடங்கிய மாதம் அது. இந்த ஊரில் உப்பை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

கோபம் கங்காணிமேல் போயிருக்க வேண்டும். போகவில்லை. சுவரில் முதலில் பூத்தவள் யார்? அவள்மேல் போனது. குழாயடியில் அவள் குடத்தை உதைத்து உருட்டினார்கள். அவள் நடந்துபோன தெருவில் சாணித் தண்ணீர் தெளித்தார்கள். இவள் போய்ச் சாயாமல் இருந்திருந்தால் அந்தச் சுவர் பாட்டுக்குச் சும்மா கிடந்திருக்கும், நம் பிழைப்பில் மண் விழுந்திருக்காது என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் புருஷன் செல்லையா, அந்த வீராதி வீரன், ஐந்து வயதுப் பிள்ளை இசக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். மாமியார்க்காரி கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"ஆறு மாசத்து மாத்திரையும் முழுசா முடியட்டும். தீந்துட்டுன்னு டாக்டரம்மா எழுதித் தரட்டும். அந்தத் தாள் இல்லாம பிள்ளையக் கேட்டு இங்க வந்து நிக்காத."

அன்றிலிருந்து சந்தனமாரிக்கு உலகத்தில் வேறு காரியம் இல்லை. காசநோய்க்கு அப்போது ஓர் ஆளுக்கு ஒரு பெட்டி என்று வரும். ஆறு மாதத்துக்கும் சேர்த்து, பெட்டிமேல் ஆள் பேர் எழுதி. அவள் பேர் எழுதிய பெட்டி என் அலமாரியில் இருந்தது. தினமும் காலை ஏழரைக்கு வந்து, என் கண்முன்னால் மூன்று மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போவாள். முதல் மாதம் மாத்திரையோடு வாந்தியும் வந்தது. வாசலில் வாந்தி எடுத்துவிட்டு, உட்கார்ந்து மூச்சு வாங்கி, "மருந்து உள்ள தங்கியிருக்குமா அண்ணாச்சி?" என்று கேட்பாள்.

டாக்டரம்மா அவளிடம் ஒன்றை மட்டும் விடாமல் சொன்னார். "நடுவுல ஒரு வாரம் விட்டாலும் இந்த மாத்திரைக்கு நோய் பழகிடும். அப்புறம் இது கேட்காது. வேற மருந்து இந்த ஊருக்கு வராது. புரியுதா?"

"எம் பிள்ளை அங்கன இருக்கு. விடுவனா?" என்பாள் சந்தனமாரி.

மூன்றாம் மாதத்தில் இருமல் நின்றது. சுவரில் எலுமிச்சம்பழம் நெல்லிக்காயாகி, நெல்லிக்காய் சுண்டைக்காயாகியது. சளியில் கிருமி இல்லை என்று நகரத்திலிருந்து எழுதி வந்தது. இனி இவள் மூச்சு யாருக்கும் ஒட்டாது, பிள்ளையைக்கூடத் தூக்கலாம் என்று டாக்டரம்மா தெருத்தெருவாகப் போய் வாய் வலிக்கச் சொன்னார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். டாக்டரம்மா தெருமுனை திரும்பியதும் சாணித் தண்ணீர் தெளித்தார்கள்.

இதற்கிடையில் ஊர் தன் பிழைப்புக்கு வழி கண்டுபிடித்திருந்தது. மூட்டை தூக்கும் பொன்னுலிங்கத்துக்கு நெஞ்சு தேக்கங்கதவு மாதிரி. சுவரில் அவன் நெஞ்சு ஒரு மாசு மருவில்லாமல் பூத்திருந்தது. அளத்துக்கு நெஞ்சு காட்ட வேண்டியவர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து தங்கள் பேரில் சாயவைத்தார்கள். கூலி ஒன்றும் கிடையாது, ஒருவேளை சாப்பாடுதான். நாக்கு ருசி கண்டவன் அவன். திங்கள்கிழமை நண்டுக் குழம்புக்கு ஒருத்தர் பேரில் சாய்ந்தான், புதன்கிழமை கோழிக்கு இன்னொருத்தர் பேரில். கங்காணி ஜன்னலுக்கு வெளியே நின்று பேரைப் படித்தார், நெஞ்சைப் பார்த்தார், அளத்துக்குள் விட்டார். பேரை எழுதியவன் யார் என்று கேட்காதீர்கள். எல்லாம் என் தெருக்காரர்கள், கேட்டார்கள், எழுதினேன். சித்திரை பிறந்தபோது அவன் நெஞ்சு நாற்பது பேருக்குப் பூத்திருந்தது. அந்த நாற்பது நெஞ்சுக்காகவும் அவன் அதே பெஞ்சில், இருமுகிறவர்களுக்கு நடுவில் நெருக்கியடித்து, வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தான்.

ஒருநாள் காலை டாக்டரம்மா சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இடது பக்கம் நாலாவது விலா எலும்பைப் பாருங்க. ஒடஞ்சு கோணலா சேந்திருக்கு. பாத்தீங்களா?"

"ஆமா டாக்டர்."

"இதுலயும் அதே. இதோ இதுலயும். நாப்பது பேருக்கு இருக்கு. பொம்பளைங்களுக்கும் இருக்கு. ஊரே ஒரே நாள்ல ஒரே எலும்பை ஒடச்சுக்கிச்சா?"

பொன்னுலிங்கம் சின்ன வயதில் லாரியிலிருந்து விழுந்தவன். நான் சொல்லிவிட்டேன். அந்த அம்மா என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. "அந்த நாப்பதுல நிஜமாவே நோய் இருக்கவன் எவன்னு இப்ப நான் எங்க போய்த் தேடுவேன்?" என்று கேட்டார். பின்னால் சோதித்தபோது மூன்று பேருக்கு இருந்தது. மூன்று பேரும் சுவரில் ஒழுங்காகச் சாய்ந்திருந்தால் மாசியிலேயே மருந்து சாப்பிட ஆரம்பித்திருப்பார்கள்.

நாற்பது பேரையும் நிஜமாகவே சாயவைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்ன அதே வாரத்தில், ஒரு வியாழக்கிழமை காலை, நான் கதவைத் திறந்து உள்ளே போனால் நாற்பது நெஞ்சிலும் ஓட்டை விழுந்திருந்தது. ஒரே இடத்தில், ஒரே அளவில், புளியங்கொட்டை புளியங்கொட்டையாக. அந்தப் பெஞ்சு கொடுத்ததைப் பொன்னுலிங்கம் வாங்கிக்கொண்டுவிட்டான். அவன் நெஞ்சைக் கடன் வாங்கிய அத்தனை பேருடைய பேருக்கும் மேலே அது தெரிந்தது.

டாக்டரம்மா பொன்னுலிங்கத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸிலேயே நகரத்துக்குக் கிளம்பினார். அவனுக்குச் சோதனை செய்ய வேண்டும், பெட்டி வாங்க வேண்டும், நாற்பது பேரையும் சோதிக்க வண்டி கேட்டுச் சண்டை போட வேண்டும். சனிக்கிழமைக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது, ஜன்னலில் முகங்கள் மொய்த்தன.

நெஞ்சு தன்னுடையது இல்லை என்று அந்த நாற்பது பேருக்கும் தெரியும். நண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்த கைதானே? ஆனால் நாலு மாதமாகத் தன் பேரைத் தினமும் அந்த நெஞ்சுக்குக் கீழே பார்த்துப் பார்த்து, அது தன் நெஞ்சுதான் என்று அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. முதலில் பேச்சி இருமினாள். பிறகு அவள் அண்ணன் இருமினான். பதினொரு மணிக்குள் நாற்பது பேரும் வாசலில் நின்று இருமினார்கள். அப்படி ஓர் இருமலை நான் என் உத்தியோகத்தில் கேட்டதில்லை. அந்த மூன்று பேருடையது போக மற்ற அத்தனையும் பயத்தில் வந்தது.

"மாத்திரைய எடும் கம்பவுண்டரே" என்றார் ஊர்த்தலைவர் சண்முகவேல்.

"உங்க யாருக்கும் நோய் இல்லய்யா. அது பொன்னுலிங்கம் நெஞ்சுலா?"

"எம் பேரு போட்டிருக்கு. நீருதான எழுதினீரு?"

"டாக்டரம்மா சனிக்கிழமை வண்டியோட வாராவ. அதுவரைக்கும் பொறுங்க."

"அவளுக்கு மட்டும் பொட்டி பொட்டியா குடுக்கத் தெரியுதோ? எங்க எல்லாருக்கும் ஒட்டவச்சவ அவ. அவ திங்கிற மருந்தை எங்களுக்குப் பிரிச்சுக் குடும்!"

அவர்கள் என்னை அடித்து உதைத்துச் சாவியைப் பிடுங்கினார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். யாரும் என்மேல் கை வைக்கவில்லை. நாற்பது பேர் நெருங்கி வந்தார்கள், எனக்கு மூத்திரம் முட்டியது, நானே உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். சந்தனமாரி பேர் எழுதிய பெட்டியில் இன்னும் ஒன்றரை மாதத்து மாத்திரை இருந்தது. ஊர்த்தலைவர் கத்தரிக்கோல் கேட்டார், அதையும் எடுத்துக் கொடுத்தேன். அட்டைகளைக் கத்தரித்து, கோயில் சுண்டல் கொடுப்பதுபோல் வரிசையில் நிற்கவைத்து, தலைக்கு மூன்று மாத்திரை கொடுத்தார். ஒன்றரை மாதம் ஓர் ஆள் உயிரைக் காக்க இருந்ததை நாற்பது பேர் ஒருவேளைக்குப் பங்கு வைத்துக்கொண்டு, நோய் தீர்ந்த தெம்பில் வீட்டுக்குப் போனார்கள். சிலர் அங்கேயே விழுங்கினார்கள். சிலர் நல்ல நாள் பார்த்துச் சாப்பிடலாம் என்று மடியில் முடிந்துகொண்டார்கள். பேச்சி தன் பங்கைச் சாமி மாடத்தில் வைத்துச் சூடம் காட்டினாள் என்று கேள்வி.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குச் சந்தனமாரி வந்தாள். நான் சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காலிப் பெட்டியை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"புதுப் பொட்டி எப்ப வரும்?"

"எழுதிப் போட்டா ஒன்றரை மாசம் ஆவும் தாயி. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் தருவாவ. தொலஞ்சுதுன்னு விசாரணை வைப்பாவ."

"ஒரு வாரம் விட்டாலே கேக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாவளே."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் காலிப் பெட்டியை இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

முதல் வீடு ஊர்த்தலைவருடையது. நாலு மாதமாக அந்தத் தெருவில் கால் வைக்கக்கூடாது என்று இருந்தவள், வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வீட்டுக்குள் பரபரப்பு. கதவைச் சாத்தினார்கள்.

"என் மாத்திரையத் தாரும் தலைவரே."

"முழுங்கியாச்சு. எந்திரிச்சுப் போ."

"முழுங்கல. உம்ம சட்டைப் பையில கெடக்கு. தரலைன்னா இங்கனயே உக்காந்து இருமுவேன். உம்ம பேரப்பிள்ளை வெளிய வரட்டும், மூஞ்சிக்கு நேரா இருமுவேன்."

இருமினாள். அவளுக்கு இருமல் நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த இருமலை எங்கிருந்தோ தோண்டி எடுக்க வேண்டியிருந்தது அவளுக்கு. ஆனால் நன்றாக எடுத்தாள். நெஞ்சைப் பிடித்து, குனிந்து, கண்ணில் நீர் வர, தெருவின் அந்தக் கோடிவரை கேட்க இருமினாள். கதவு ஒரு சாண் திறந்தது. மூன்று மாத்திரை வெளியே விழுந்தன. பொறுக்கி ஊதிப் பெட்டியில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்குக் காலையிலிருந்து வெயில் சாயும்வரை சிப்பிவிளை முழுக்க அந்த இருமல் கேட்டது. அவள் வருவதற்கு முன்பே சில வீட்டுக்காரர்கள் மாத்திரையை வாசற்படியில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சாமி மாடத்திலிருந்து சூடக் கரியோடு வந்தது. தாயத்துக்குள் போனதை உடைத்துக் கொடுத்தார்கள். விழுங்கிவிட்டவர்கள் விழுங்கிவிட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். அவர்கள் வாசலிலும் அவள் வெறுமனே கொஞ்சநேரம் இருமிவிட்டுத்தான் எழுந்தாள். நான் பின்னாலேயே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உள்ளுக்குள் பெரிய திருப்தியாக இருந்தது. இந்த ஊருக்கு இது வேண்டும், நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியார் வீட்டு வாசலில் மட்டும் அவள் இருமவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இசக்கி நின்றாள். "அம்மா" என்றது பிள்ளை. செல்லையா வாங்கி வந்த மூன்று மாத்திரை அந்த வீட்டிலும் இருந்தது. சந்தனமாரி பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கேட்காமலே போய்விட்டாள்.

நான் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, காப்பிக்கு உட்கார்ந்தேன். வாசலில் நிழல் தட்டியது. பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தனமாரி நின்றாள்.

"எல்லா வீடும் ஆச்சு தாயி" என்றேன். "டாக்டரம்மா நாளைக்கு வரட்டும். மிச்சத்துக்குச் சண்டை போட்டு வாங்குவோம்."

"ஊரு பங்கு வச்சது அஞ்சு அட்டை அண்ணாச்சி. மாமியா வீடு போக எல்லா வீட்டுலயும் கேட்டுட்டேன். அஞ்சுதான்னு சொல்லுதாவ."

"இருக்கும்."

"வியாழக்கிழமை காலையில நான் முழுங்குதப்ப பொட்டிக்குள்ள ஆறு இருந்துச்சு. நான் தெனமும் எண்ணுவேன்."

நாலு மாதமாக இருமுகிறவர்கள் நிறைந்த அந்த அறையில் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவன் நான். எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. அலமாரியைத் திறந்தபோது, வெளியே நாற்பது பேர் இருமிக்கொண்டிருந்தபோது, என் கை தானாகப் போய் ஓர் அட்டையை எடுத்துச் சட்டைக்குள் சொருகியது. இதை அவளிடம் சொல்லவில்லை. சந்தனமாரியிடம் அன்றைக்கு நான் சொன்னது வேறு.

"நீ தப்பா எண்ணியிருப்ப."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில், களைப்புதான் இருந்தது. அவள் சளியில் கிருமி இல்லை என்று எழுதி வந்த தாளைப் பிரித்துப் படித்தவன் நான். அவள் மூச்சு யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரம்மாவை விட்டால் அந்த ஊரில் திட்டமாகத் தெரிந்த ஒரே ஆள் நான். அது அவளுக்கும் தெரியும். காலையிலிருந்து இருமி இருமிக் குரல் போயிருந்தது. என் வாசற்படியில் உட்கார்ந்தாள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள், எனக்கு நேராக முகத்தைத் தூக்கி ஒருதடவை இருமினாள்.

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன். பிறகு உள்ளே போய் அந்த அட்டையை எடுத்து வந்து, எட்ட நின்று, அவள் மடியில் எறிந்தேன்.